மாத்திரை தருவது அரசு. கல்லீரலுக்குப் பொறுப்பு யார்?

காசநோய் மாத்திரைகளால் கல்லீரல் பழுதுபடுவதைப் பொதுவெளியில் பேசலாகாது என்று ஒரு கருத்து நம்மிடையே நிலவுகிறது. தீய எண்ணத்தில் பிறந்த கருத்தன்று அது. ஆறு மாதம் தவறாமல் உட்கொண்டாலொழிய நோய் குணமாகாது. பாதியில் விட்டால் மருந்துக்கு அடங்காத நோயாக முற்றும். ஆகவே மருந்தின் தீங்கைப் பேசுவது நோயாளியை மிரளச் செய்து மாத்திரையை எறிய வைக்கும் என்பது அதன் சாரம். சுகாதாரத் துறை அதிகாரிகள் இதைச் சொல்கிறார்கள். அறிவியல் பரப்பும் பணியில் ஆண்டுக்கணக்கில் உழைத்த தோழர்கள் சிலரும் இதையே சொல்கிறார்கள். அக்கறை நேர்மையானது, அதிலிருந்து அவர்கள் வந்து சேரும் முடிவு தவறானது. அந்த மௌனத்தால் யாருக்கு ஆதாயம் என்பதைச் சித்தூர், திருப்பதி வட்டாரத்தை வைத்துப் பார்த்தால் விளங்கும்.

நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளில் கல்லீரலை அதிகம் கெடுப்பது எது என்று மேலை நாடுகளின் பதிவேடுகளைப் பார்த்தால், அமாக்சிசிலினும் கிளாவுலனிக் அமிலமும் சேர்ந்த மருந்து முன்னே நிற்கும். இந்தியாவின் நிலை வேறு. நாட்டின் பல மருத்துவமனைகளைச் சேர்ந்த கல்லீரல் மருத்துவர்கள் கூடி, 2013 முதல் 2018 வரை மருந்தால் கல்லீரல் பழுதான 1,288 பேரைப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். அவர்களுள் 46 விழுக்காட்டினருக்குக் காரணம் காசநோய் மருந்துகள். ஏனைய நுண்ணுயிர்க்கொல்லிகள் அனைத்தையும் சேர்த்தாலும் ஏழு விழுக்காட்டை எட்டவில்லை. பதிவானோரில் ஏறத்தாழ 12 விழுக்காட்டினர் இறந்துபோனார்கள். ஆக, இந்நாட்டில் நுண்ணுயிர்க்கொல்லியையும் கல்லீரலையும் பற்றிப் பேசத் தொடங்கினால் பேச்சு காசநோயில் போய் நிற்கும். காசநோயைப் பற்றிப் பேசினால் அரைவயிற்றுக் குடும்பத்தின் வாசலில் போய் நிற்கும்.

மருந்து செயல்படும் முறையைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும், ஏனெனில் அரசியல் அதற்குள்தான் இருக்கிறது. ஐசோனியாசிட், ரிபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்புட்டால் என்னும் நான்கும் முதல் இரு மாதங்களுக்குத் தரப்படுகின்றன. அடுத்த நான்கு மாதங்களில் பைரசினமைடு மட்டும் நீங்குகிறது. முதல் மூன்றும் கல்லீரலைத் தாக்க வல்லவை. எத்தாம்புட்டால் தாக்குவது கண்ணை. ஐசோனியாசிட்டை உடல் மாற்றி வெளியேற்றும் வேகம் ஆளுக்கு ஆள் வேறுபடும். அவ்வேலையைச் செய்யும் கல்லீரல் நொதி பிறப்பிலேயே மெதுவாக இயங்குவோர் தென்னிந்தியரில் பாதிக்கு மேற்பட்டோர். அவர்களின் உடலில் நச்சுத்தன்மையுள்ள இடைப்பொருள்கள் கூடுதலாகத் தேங்கும். ரிபாம்பிசின் அந்த நச்சு உருவாவதை விரைவுபடுத்தும். நச்சை முறிக்கக் கல்லீரல் கைவசம் வைத்திருக்கும் குளுட்டாதயோன் என்னும் பொருளோ புரத உணவிலிருந்து கிடைப்பவற்றால் ஆனது. பருப்பும் முட்டையும் காணாத உடலில் அதன் இருப்பு குறைவு. டில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் 1996 இல் வெளியிட்ட ஆய்வு, யாருக்குக் கல்லீரல் பழுது நேருகிறது என்று நோயாளிகளை ஒப்பிட்டுப் பார்த்தது. முதுமை, இரத்தத்தில் புரதக் குறைவு, முற்றிய நோய், மிகுந்த குடி, மந்தமான நொதி ஆகியவை அபாயத்தைக் கூட்டுவதாக அது கண்டது. இவற்றுள் முதுமையும் நொதியும் இயற்கையின் கணக்கு. புரதக் குறைவும் முற்றிய நோயும் சமூகத்தின் கணக்கு.

இவை எவருக்கும் தெரியாத செய்திகளல்ல. சென்னைச் சேத்துப்பட்டில் உள்ள காசநோய் ஆராய்ச்சி நிலையம் தன் சிகிச்சைச் சோதனைகளில் கண்டதை 1986 இலேயே வெளியிட்டது. ரிபாம்பிசின் அடங்கிய சிகிச்சை பெற்ற நுரையீரல் காசநோயாளிகளில் 2 முதல் 8 விழுக்காடு வரை கல்லீரல் அழற்சி. முதுகெலும்புக் காசநோயில் 10 விழுக்காடு. மூளைச்சவ்வுக் காசநோயில் அதனினும் மிக அதிகம். குறைந்த அளவான நூற்றுக்கு இருவர் என்றே வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 25 லட்சம் பேருக்கு மேல் காசநோயாளிகளாகப் பதிவாகும் நாட்டில் அது அரை லட்சம் மனிதர்கள். ஒரு நகராட்சியின் மக்கள்தொகை ஆண்டுதோறும் மஞ்சள் பூத்த கண்ணோடு நிற்கிறது. அதைப் பேசலாகாதாம்.

எல்லைக்கோட்டில் ஒரு நோயாளி

நகரி வட்டாரத்தில் விசைத்தறி ஓட்டும் தொழிலாளி ஒருவரை எண்ணிக்கொள்வோம். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு. எடை 43 கிலோ. எடைக்கேற்ப நாளொன்றுக்கு மூன்று மாத்திரை. நான்கு மருந்துகளும் ஒரே மாத்திரையில் அடங்கியவை. முதல் நாள் அவருக்குச் சொல்லப்படும் செய்தி, “சிறுநீர் சிவந்து போகும், பயப்படாதீர்கள்” என்பது. உண்மைதான், ரிபாம்பிசினின் நிறம் அது. மூன்றாம் வாரம் குமட்டல் தொடங்குகிறது. சோற்றைக் கண்டால் வெறுப்பு. வலப்புற விலாவின் கீழ் கனம். சிறுநீரின் நிறம் இன்னும் கறுக்கிறது. காமாலையின் முதல் அடையாளமும் அதுவே. ஆனால் பயப்படாதே என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்களே! முதல் நாள் சொன்ன ஆறுதல் இப்போது அபாயத்தின் மேல் போர்வையாக விழுகிறது. கண் மஞ்சளாகும் வரை அவர் மாத்திரையை விழுங்கிக்கொண்டே இருக்கிறார். சொன்னதைக் கேட்ட நல்ல நோயாளிக்கு வரும் கேடு இது.

கண் மஞ்சளான பிறகு என்ன நடக்கும்? அருகிலுள்ள புத்தூர் எலும்புக் கட்டுக்குப் பேர் போன ஊர். அங்கு வந்து கட்டுப் போட்டுக்கொண்டு போகாத தென்னாட்டு ஊர் இல்லை. அந்த மண்ணில் கைமருத்துவத்தின் மேல் நம்பிக்கை ஆழமானது. காமாலை என்றதும் கீழாநெல்லி. இல்லையேல் பச்சிலைச் சாறு. வைரசால் வந்த காமாலை பெரும்பாலும் தானே தணிந்துவிடும். பெயர் சாற்றுக்குப் போகும். மாத்திரையால் வந்த காமாலையில் சாறு ஒருபுறம், மாத்திரை மறுபுறம் என்று இரண்டும் உள்ளே போனால் கல்லீரலின் கதி என்னாகும்? மாத்திரையை நிறுத்த வேண்டும் என்று சொல்ல ஆளில்லாத இடத்தில் கீழாநெல்லி குடிப்பவரை மூடர் என்று ஏசுவதில் பகுத்தறிவு ஒன்றும் இல்லை. இன்னொரு வழி, அவர் எவரிடமும் சொல்லாமல் எல்லா மாத்திரையையும் நிறுத்திவிடுவது. அதுவும் நடக்கிறது. அதுவும் கேடே: கல்லீரல் தேறும், நுரையீரல் போகும்.

செய்ய வேண்டியது என்ன என்பதில் மருத்துவத்துக்குக் குழப்பம் இல்லை. இரத்தத்தில் கல்லீரல் நொதியின் அளவு இயல்பைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் உயர்ந்தாலோ, அறிகுறிகள் இருக்கும்போது மூன்று மடங்கைத் தாண்டினாலோ, காமாலை தோன்றினாலோ மருந்தை நிறுத்த வேண்டும். கல்லீரல் தேறும் வரை அதற்குக் கேடு செய்யாத மாற்று மருந்துகளால் சமாளித்து, பிறகு ஒவ்வொரு மருந்தாகத் திரும்பச் சேர்க்க வேண்டும். பெரும்பாலோர் இவ்வாறு தேறிச் சிகிச்சையை முடிக்கிறார்கள். இதற்கு மூன்று தேவை: உரிய நேரத்தில் ஓர் இரத்தப் பரிசோதனை, அதைப் படித்து முடிவெடுக்கும் மருத்துவர், தனித்தனி மாத்திரைகள். நான்கு மருந்தையும் ஒரே வில்லையில் பிணைத்துக் கொடுக்கும் அரசு, பிரித்துக் கொடுக்க வேண்டிய நாளுக்கென்று தனி மாத்திரைகளைக் கையிருப்பில் வைத்திருக்க வேண்டாமா? பிணைத்த மாத்திரைக்கே 2024 மார்ச்சில் தட்டுப்பாடு ஏற்பட்டு, மூன்று மாதங்களுக்கு உள்ளூரில் வாங்கிச் சமாளியுங்கள் என்று ஒன்றிய அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. தனி மாத்திரை எந்த மூலைக்கு!

பரிசோதனையோ அறிகுறி தோன்றிய பின், மருத்துவர் கேட்டால் என்ற அளவில் நிற்கிறது. வெளியே செய்துகொண்டால் தறிக்கூலியில் ஒரு நாளையோ இரண்டு நாளையோ விழுங்கிவிடும். அப்படியே வேலூருக்கு ஓடும் சித்தூர்க்காரர்களும், திருத்தணிக்கும் சென்னைக்கும் ஓடும் நகரிக்காரர்களும் பலர். மாத்திரை ஒரு மாநிலத்தில், காமாலைக்குச் சிகிச்சை மறு மாநிலத்தில். மருந்தால் விளைந்த தீங்கைப் பதிவு செய்ய 2010 முதல் தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் ஒன்று இருக்கிறது. இரு மாநிலங்களுக்கிடையே சிதறிய இத்தகைய ஒரு கல்லீரல் அந்தப் பதிவேட்டை எட்டுவது அரிது. 1960 இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, நகரியும் புத்தூரும் ஆந்திரத்தில் நின்றன என்பதை வைத்து இன்றும் மேடையில் கண்ணீர் விடுவோர் உண்டு. எல்லைக்கு இருபுறமும் ஒரே நோய்க்கு ஒரே மாத்திரை விழுங்கும் தறித்தொழிலாளியின் ஈரலைப் பற்றி அம்மேடைகளில் ஒரு சொல் கேட்டதில்லை.

சொற்களின் வஞ்சகம்

மருந்தை நிறுத்திய நோயாளிக்கு ஆங்கிலத்தில் நீண்ட காலம் வழங்கிய சொல், வங்கிக் கடனைத் திருப்பிக் கட்டாதவருக்கு வழங்கும் அதே சொல். தமிழில் அதைத் ‘தவணை தவறியவர்’ என்றே பெயர்க்க வேண்டும். 2013 இல் உலக சுகாதார நிறுவனம் அச்சொல்லைக் கைவிட்டு, ‘தொடர்பு அற்றுப்போனவர்’ என்று பொருள்படும் தொடரைக் கொண்டுவந்தது. சொல் மாறியது, பார்வை மாறவில்லை. தொடர்பை அறுத்தது யார் என்ற கேள்வி அத்தொடரிலும் இல்லை. ‘பக்கவிளைவு’ என்ற சொல்லையும் எடுத்துக்கொள்ளலாம். திட்டத்தின் புள்ளிவிவரத்துக்கு வேண்டுமானால் அது பக்கத்தில் நடப்பது. காமாலையில் படுத்தவருக்கு அதுவே நடு விளைவு.

இன்னொரு சொல் உண்டு: ‘குடித்திருப்பான்’. கல்லீரல் கெட்டது என்றதும் முதலில் வருவது இது. குடி அபாயத்தைக் கூட்டுகிறது என்பதில் ஐயமில்லை. மேலே சொன்ன டில்லி ஆய்வும் அதையே சொல்கிறது. ஆனால் குடிக்காத பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் காமாலை வருகிறதே, அவர்களை எந்தக் கடையில் பார்த்தார்கள்? குவார்ட்டர் பாட்டில் 99 ரூபாய் என்று 2024 அக்டோபரில் விலை வைத்துக் கடை திறந்தது ஆந்திர அரசு. டாஸ்மாக் வருவாயில் நாற்காலி போட்டு அமர்ந்திருப்பது தமிழ்நாட்டு அரசு. விற்றவர் ஒழுக்கசீலர், வாங்கியவர் ஒழுக்கங்கெட்டவர் என்னும் இந்த நீதியை நம் கிளைகளிலும் சிலர் திருப்பிச் சொல்வது வருந்தத்தக்கது.

மதனப்பள்ளியும் சேத்துப்பட்டும்

இவ்வட்டாரம் காசநோய் வரலாற்றில் சாதாரண இடமன்று. அன்றைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரத்தில் 1915 இல் காசநோய் சானடோரியம் திறக்கப்பட்டது. டென்மார்க்கைச் சேர்ந்த மருத்துவர் கிறிஸ்டியன் பிரிமாட் மோலர் அதை உருவாக்கினார். நாட்டில் பிசிஜி தடுப்பூசி இயக்கம் 1948 இல் தொடங்கியதும் மதனப்பள்ளியில்தான். தூய காற்று, ஓய்வு, நல்ல உணவு என்ற மூன்றுமே அன்றைய மருந்து. கட்டில் கிடைத்தவர் பேறு பெற்றவர்; கிடைக்காத லட்சக்கணக்கானோர் வீட்டில் இருமி இறந்தனர்.

அந்த நிலையை மாற்றியது சென்னை. 1956 இல் சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நோயாளிகளில் ஒரு சாராரைச் சானடோரியத்திலும் மறு சாராரைக் குடிசையிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. 1959 இல் வெளிவந்த முடிவு உலகையே திருப்பிப் போட்டது: குறைந்த உணவோடு, நெரிசலான வீட்டில், வேலை செய்துகொண்டே மருந்து உட்கொண்டவர்களும் சானடோரியத்து நோயாளிகளுக்கு இணையாகக் குணமடைந்தார்கள். ஏழை நாடுகளின் கோடிக்கணக்கான மக்களுக்குச் சிகிச்சையின் கதவைத் திறந்த கண்டுபிடிப்பு அது. அதைக் குறைத்துப் பேசுவது நன்றி கொன்ற செயல்.

ஆனால் அந்தக் கண்டுபிடிப்பிலிருந்து ஆளும் வர்க்கம் எதை எடுத்துக்கொண்டது, எதை விட்டுவிட்டது என்பதைப் பார்க்க வேண்டும். சேத்துப்பட்டுச் சோதனையில் குடிசை நோயாளி கைவிடப்பட்டவரல்லர். மையத்திற்கு அவர் முறையாக வந்தார். ஊழியர்கள் முன்னறிவிப்பின்றி அவர் வீட்டுக்குப் போனார்கள், மீதி மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். வீட்டுச் சிகிச்சை வென்றதற்குப் பின்னால் மருந்தோடு இந்த மனிதர்களும் இருந்தார்கள். நிதி அமைச்சகங்களின் காதில் விழுந்தது ஒரே வரி: கட்டிலும் வேண்டாம், சோறும் வேண்டாம், மாத்திரை போதும். ஆய்வகமும் ஊழியரும் கண்காணிப்பும் வரவு செலவுத் திட்டத்திலிருந்து உதிர்ந்துபோயின. மிஞ்சிய வேலை முழுவதும் ஊதியம் என்ற பெயருக்கே உரிமையில்லாத, மதிப்பூதியம் வாங்கும் ஆஷா ஊழியரின் தலையில் ஏற்றப்பட்டது. அவர் பையில் மாத்திரை அட்டை இருக்கிறது. கல்லீரலைப் பற்றிக் கேட்டால் அவர் யாரிடம் போய் நிற்பார்?

மாவட்ட மருத்துவமனையிடம் என்பது இயல்பான விடை. சித்தூர் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனை எங்கே இருக்கிறது? கட்டடம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆனால் சந்திரபாபு நாயுடு அரசின் முந்தைய ஆட்சிக்காலத்தில், அப்போலோ குழுமம் சித்தூரில் தொடங்கிய தனியார் மருத்துவக் கல்லூரிக்குப் பயிற்சி மருத்துவமனையாக அது ஒப்படைக்கப்பட்டது. கல்லூரி தொடங்கச் சொந்த மருத்துவமனை வேண்டும் என்ற நிபந்தனையை, மக்கள் வரிப்பணத்தில் எழுந்த மருத்துவமனையைக் காட்டி நிறைவேற்றிக்கொள்ளும் ஏற்பாடு அது. அடுத்த அடி மதனப்பள்ளியின் மேல் விழுந்திருக்கிறது. 2025 செப்டம்பரில் ஆந்திர அமைச்சரவை 10 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளை அரசு-தனியார் கூட்டு முறைக்கு விட முடிவெடுத்தது. முதல் கட்டப் பட்டியலில் மதனப்பள்ளியும் இருக்கிறது. நூறாண்டுக்கு முன் ஓர் அயல்நாட்டு மிஷன் மருத்துவர் மக்களுக்கென்று சானடோரியம் கட்டிய ஊரில், தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு கல்லூரியைக் கட்டி நடத்தக் கையில் பணமில்லை என்கிறது.

திருப்பதியில் ருயா அரசு பொது மருத்துவமனை இருக்கிறது. தேவஸ்தானத்தின் ஆதரவில் 1993 முதல் இயங்கும் ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் கழகமும் இருக்கிறது. திறமைக்குக் குறைவில்லாத மருத்துவர்கள் அங்கே உழைக்கிறார்கள். 2021 மே 10 இரவு ருயாவில் ஆக்சிஜன் அழுத்தம் குறைந்து 11 நோயாளிகள் இறந்ததை நாடு மறந்துவிட்டது. மூச்சுக்காற்றையே எண்ணிக் கொடுக்கும் நிலையில் நிறுத்தப்பட்ட மருத்துவமனைக்கு, புத்தூரிலிருந்தும் சத்தியவேட்டிலிருந்தும் வரும் காசநோயாளியின் இரத்தத்தை மாதந்தோறும் சோதிக்க ஆளும் கருவியும் எங்கிருந்து வரும்? காப்பீட்டு அட்டை இருக்கிறதே என்பார்கள். அந்த அட்டை படுக்கையில் விழுந்தவருக்கே திறக்கும். படுக்கையில் விழாமல் காக்கும் பரிசோதனைக்குத் திறக்காது.

இரண்டு மரணம், ஒரு தலைநகரம்

கல்லீரலைக் கவனித்துக்கொண்டே மருந்து தருவது நடக்கிற காரியமா என்று கேட்போருக்கு ஒரு பழைய நிகழ்ச்சி. 1970 இல் அமெரிக்க நாடாளுமன்ற வளாகமான கேப்பிடல் குன்றில் ஊழியரிடையே காசநோய் தோன்றியது. நோய் வராமல் தடுக்க 2,321 பேருக்கு ஐசோனியாசிட் கொடுத்தார்கள். அவர்களில் 19 பேருக்குக் கல்லீரல் நோய் கண்டது, இருவர் இறந்தனர். அந்த இரண்டு மரணத்தின் எதிரொலியாக அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை பல நகரங்களில் மருந்து உட்கொள்வோரைத் தொடர்ந்து கண்காணிக்கும் பெரிய ஆய்வை நடத்தியது. யாருக்கு மருந்து தரலாம், எப்போது நிறுத்தலாம் என்ற விதிகள் அதன் பயனாக இறுகின. மருந்தைக் கைவிடவில்லை, ஐசோனியாசிட் இன்றும் அங்கே வழங்குகிறது. தீங்கை எண்ணியதால் மருந்தின் மேல் நம்பிக்கை கெடவில்லை. எண்ணியதால்தான் நம்பிக்கை நின்றது. இறந்தவர்கள் செனட்டர்களின் அலுவலகங்களை அடுத்து வாழ்ந்தவர்கள் என்பதால் எண்ணினார்கள் என்று சொன்னால் அதையும் மறுப்பதற்கில்லை.

இன்று இந்தியாவில் காசநோயாளியின் வீட்டாருக்கும், நோயில்லாத நிலையிலேயே, தடுப்புச் சிகிச்சையாக ஐசோனியாசிட்டைக் கொண்ட மருந்துகள் தரப்படுகின்றன. நல்ல திட்டம்தான். நலமாயிருப்பவருக்கு மருந்து கொடுக்கும் அரசின் பொறுப்பு, நோயாளிக்குக் கொடுக்கும்போது இருப்பதைவிடக் கூடுதலானது என்பதைச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

மற்ற நுண்ணுயிர்க்கொல்லிகளையும் ஒரு வரியில் விட்டுவிடுவதற்கில்லை. சளிக்கும் காய்ச்சலுக்கும் மருந்துக்கடையில் கேட்டவுடன் கிடைக்கும் அமாக்சிசிலின்-கிளாவுலனிக் அமில மாத்திரையால் வரும் காமாலை, மாத்திரையை நிறுத்திச் சில வாரங்கள் கழித்தும் தோன்றும். அதனால் எவரும் அதை மாத்திரையோடு இணைத்துப் பார்ப்பதில்லை. 2007 முதல் 2012 வரை இந்தியச் சந்தையில் விற்ற 118 வகை நுண்ணுயிர்க்கொல்லிக் கூட்டு மருந்துகளில் 64 விழுக்காடு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஒப்புதலே பெறாதவை என்று 2018 இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். 2016 இல் 344 கூட்டு மருந்துகளைத் தடை செய்தது அரசு; நிறுவனங்கள் நீதிமன்றம் போயின; இரண்டாண்டு இழுபறிக்குப் பின் 2018 இல் 328 மருந்துகளுக்குத் தடை நிலைத்தது. 1975 இலேயே ஹாத்தி குழு, அன்னிய மருந்து நிறுவனங்களை நாட்டுடைமையாக்கவும் இன்றியமையா மருந்துகளை முதன்மைப்படுத்தவும் சொல்லியிருந்தது. சோவியத் உதவியுடன் ரிஷிகேஷில் எழுந்த ஐடிபிஎல் நுண்ணுயிர்க்கொல்லி ஆலையை நலிய விட்டவர்களுக்கு அந்த அறிக்கை ஒரு பொருட்டாகவே படவில்லை.

பழக்கூடை அரசியல்

உணவுக்கு வருவோம். ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் 2019 முதல் 2022 வரை நடந்த ஆய்வின் முடிவுகள் 2023 ஆகஸ்டில் வெளிவந்தன. 2,800 நோயாளிகளுக்கு மாதம் 10 கிலோ உணவுப் பொருள் கொடுக்கப்பட்டது. அவர்களில் ஐவருக்கு நால்வர் எடை குறைந்தவர்கள். முதல் இரு மாதங்களில் 5 விழுக்காடு எடை கூடியவர்களுக்கு இறப்பு அபாயம் 61 விழுக்காடு குறைந்திருந்தது. வீட்டாருக்கும் அரிசியும் பருப்பும் கொடுத்த குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 முதல் 48 விழுக்காடு வரை குறைந்தது. எந்தப் புது மருந்தும் இதற்குத் தேவைப்படவில்லை. எடை குறைந்து புரதம் வற்றிய உடலே மாத்திரையின் நச்சுக்கும் எளிதில் இரையாகிறது என்பதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

இதற்கு ஒன்றிய அரசின் விடை என்ன? 2018 முதல் மாதம் 500 ரூபாய்; 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய். நாளொன்றுக்கு 33 ரூபாய். எஞ்சியதற்கு 2022 இல் ‘நிக்ஷய் மித்ரா’ வந்தது. வசதி படைத்தோரும் நிறுவனங்களும் நோயாளிகளைத் ‘தத்தெடுத்து’ உணவுக் கூடை வழங்குவதாம். உரிமையை ஒழித்துவிட்டுக் கருணையை நட்டிருக்கிறார்கள். கூடையோடு படம் எடுத்துக்கொள்ளும் பிரமுகர் அந்த நோயாளியின் கண்ணின் வெண்மையைப் பார்ப்பாரா? 2025க்குள் காசநோயை ஒழிப்போம் என்று 2018 மார்ச்சில் டில்லியில் முழங்கினார் பிரதமர். 2025 கடந்து போயிற்று. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இன்னும் இந்தியர்.

இங்கே நம் கிளைகளுக்கும் ஒரு சொல் உண்டு. பழமும் ரொட்டியும் வழங்கி முகாம் நடத்துவதில் பிரமுகரோடு போட்டியிடுவது நம் வேலையன்று. தமிழ்நாடு அரசு 2022 இல் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ ஒன்றைக் காட்டியிருக்கிறது: நோய் கண்டறிந்த உடனே எடையையும் மூச்சையும் எழுந்து நிற்கும் வலுவையும் பார்த்து, ஆபத்தில் இருப்போரைப் பிரித்தெடுத்து மருத்துவமனையில் சேர்க்க முடியும் என்பதே அது. அதே பட்டியலில் கல்லீரலையும் சேர்க்கச் சொல்லித் தமிழ்நாட்டிலும், அத்திட்டத்தையே எடுத்துச் செயல்படுத்தச் சொல்லிச் சித்தூரிலும் திருப்பதியிலும் நாம் போராட முடியும். சிகிச்சை தொடங்கும் முன் ஒரு முறையும், முதல் இரு மாதங்களில் இரு வாரத்துக்கு ஒரு முறையும் இலவச கல்லீரல் பரிசோதனை. ஒவ்வொரு வட்டார மருத்துவமனையிலும் தனித்தனி மாத்திரைகளின் இருப்பு. இரு மாநில எல்லையில் மருந்துத் தீங்குக்கு ஒரே பதிவேடு. பணத்துக்குப் பதில் ரேஷன் கடை வழியே பருப்பும் எண்ணெயும் முட்டையும். ஆஷா ஊழியர்களின் ஊதியப் போராட்டத்தில் இக்கோரிக்கைகளும் இடம்பெற வேண்டும். கல்லூரிகளைத் தனியாருக்கு விடுவதை எதிர்க்கும் மதனப்பள்ளிப் போராட்டத்திலும் இடம்பெற வேண்டும்.

அதுவரை ஒவ்வொரு தோழரும் தன் தெருவில் உள்ள நோயாளியிடம் போய்ச் சொல்ல வேண்டியது இது: மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சிறுநீர் சிவப்பது மருந்தின் நிறம். ஆனால் வாந்தி நிற்காவிட்டால், சோறு இறங்காவிட்டால், கண் மஞ்சளித்தால், அடுத்த வேளை மாத்திரைக்குக் காத்திராமல் அன்றைக்கே அரசு மருத்துவரிடம் போங்கள். தனியே போகத் தயங்கினால் தோழர் கூடப் போக வேண்டும். பரிசோதனை இல்லை என்று திருப்பி அனுப்பினால் அதை எழுதித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும்.